கறுப்பினப் பெண்களின் கலைவழி சுயபராமரிப்பு: குழு அமைப்பதிலிருந்து டாக்டர் அறை வரை

2017 செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சுத் திணறல். அவருக்கு ஏற்கனவே நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உண்டு, அதனால் என்ன நடக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் வேண்டும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். வலி மாத்திரையில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். டாக்டர் வந்து காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார், அதில் ஒன்றும் இல்லை. அவர் விடாமல் கேட்ட பிறகுதான் சி.டி. எடுத்தார்கள். நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருந்தன.

உலகமே அறிந்த ஒரு விளையாட்டு வீராங்கனைக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தார்கள், கறுப்பினத் தாய்மார் 69.9 பேர். இதற்கு இரண்டு பக்கம் உண்டு. சொன்னால் நம்பாத மருத்துவம் ஒரு பக்கம். சொல்லாமலே பழகிப்போன வாழ்க்கை இன்னொரு பக்கம். நர்ஸிங் ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ் கிஸ்காம்பே 2010இல் அந்த இரண்டாவது பக்கத்தை ஆராய்ந்து எழுதினார். எப்போதும் உறுதியாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரையும் சார்ந்து நிற்கக் கூடாது, கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் ஜெயித்துக் காட்ட வேண்டும், தனக்கு முன் மற்றவர்களைக் கவனிக்க வேண்டும் என்ற ஐந்து கட்டாயங்கள் கறுப்பினப் பெண்கள்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதை அவர் காட்டினார். அதற்கும் முன்பு, 1992இல், ஆர்லீன் ஜெரோனிமஸ் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: பாகுபாடும் ஓயாத நெருக்கடியும் சேர்ந்து இவர்கள் உடம்பை வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகின்றன.

‘எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லியே வாழ்ந்த ஒருத்திக்கு, நிஜமாக எப்படி இருக்கிறாள் என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அதை நம்பிக் கேட்க நாலு பேர் வேண்டும். அப்புறம் அதை மருத்துவரிடம் எடுத்துப் போகத் தைரியம் வேண்டும். கலை இந்த மூன்றுக்கும் உதவுகிறது. சாயந்திரம் மெழுகுவர்த்தி ஏற்றிக் கலரிங் புத்தகத்தில் வண்ணம் தீட்டுவதைச் சுயபராமரிப்பு என்று விற்கிறார்களே, அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நர்ஸாக, சமூகப் பணியாளராக, நூலகராக எத்தனையோ தமிழர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தன் ஊரில் இப்படியொரு குழு தொடங்கக் கைகொடுக்க விரும்பினால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: தலைமை யாரிடம்?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குழுவை நடத்துகிறவர் கறுப்பினப் பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் இடம் பிடிக்கலாம், துணி வாங்கலாம், நாற்காலி போடலாம், பணம் திரட்டலாம். நடுவில் உட்கார்ந்து பேச்சை நடத்துவது உங்கள் வேலை கிடையாது. காரணம் எளிது. ஆபீஸில் தன் தலைமுடியைப் பற்றி மேலாளர் என்ன சொன்னார் என்று ஒருத்தி சொல்லும்போது, ‘அப்படியா, ஏன் அப்படிச் சொன்னார்?’ என்று கேட்கிற ஒருவர் அறையில் இருந்தாலே போதும், அவள் கதை சொல்வதை விட்டுவிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

நடத்துகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். ‘சேவை மனப்பான்மையில்’ செய்யச் சொல்வது, அந்த ஐந்து கட்டாயங்களில் கடைசியானதையே அவர் தலையில் மறுபடி ஏற்றுவதுதான்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரம், எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், நூலக அறை, ஞாயிறு மாலை மூடிக் கிடக்கும் முடி அலங்காரக் கடை எல்லாமே பொருந்தும். ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம். சாப்பாடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வந்துபோக பஸ் காசு, இந்த மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். வண்ணப் பென்சில் வாங்கவே பணம் மிஞ்சாவிட்டாலும் சரி, குழந்தை பார்க்கும் ஆளை வெட்டாதீர்கள்.

படி 2: முதல் வாரம் பேச்சு மட்டும்

பில்லி ஏவரி என்ற சுகாதாரச் செயற்பாட்டாளர் 1983 ஜூனில் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் பற்றி ஒரு மாநாடு கூட்டினார். இரண்டாயிரம் பேர் அளவுக்குத் திரண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த தேசியக் கறுப்பினப் பெண்கள் சுகாதாரத் திட்டம் ஊர் ஊராகச் சுயஉதவிக் குழுக்களைப் பரப்பியது. அந்தக் குழுக்களில் ரத்த அழுத்தம், எடை என்று பேச ஆரம்பித்தால் பேச்சு அடியும் உதையும், சின்ன வயதில் நடந்த கொடுமை என்று போய் நிற்கும். நோயை மட்டும் தனியாகப் பேச முடியாது என்பதை அந்தப் பெண்கள் அனுபவத்தில் கண்டார்கள்.

ஆகவே முதல் வாரம் கலைப் பொருள் எதையும் மேஜையில் வைக்காதீர்கள். இங்கே சொன்னது இங்கேயே இருக்கும், கேட்காமல் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது, ‘இன்று நான் பேசவில்லை’ என்று யாரும் சொல்லலாம். இந்த மூன்றையும் எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். அறிவுரை விதியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ‘நீ ஏன் சர்க்கரையைக் குறைக்கக் கூடாது?’ என்று பாசத்தோடுதான் ஆரம்பிப்பார்கள். நடத்துகிறவர் அங்கேயே சிரித்துக்கொண்டே நிறுத்த வேண்டும்.

படி 3: துணியிலிருந்து தொடங்குங்கள்

தாளும் தூரிகையும் கொடுத்தால் பாதிப் பேர் ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று பின்வாங்குவார்கள். துணி என்றால் கை தானாக நீளும். குவில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது.

அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் அடங்கிய சிற்றூர் ஜீஸ் பெண்ட். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணை அது. அங்கே பெண்கள் கிழிந்த வேலைத் துணிகளையும் மாவு மூட்டைகளையும் சேர்த்துத் தைத்த போர்வைகள் குளிருக்காகத் தைக்கப்பட்டவை. 1962இல் ஊர் மக்கள் வாக்காளர் பட்டியலில் சேர முயன்ற காலத்தில் அக்கரைக்குப் போகும் படகை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். படகு திரும்ப ஓடியது 2006இல்தான். நடுவில் 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கிப் போர்வை விற்றார்கள். 1970களில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். அதில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள்தான் அந்தக் காலப் போர்வைகளில் பழுப்பும் பச்சையுமாக இன்றைக்கும் தெரிகின்றன. 2002இல் இந்தப் போர்வைகள் ஹூஸ்டனிலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின.

அவற்றில் ஒன்று 1942இல் மிசௌரி பெட்வே தைத்தது. கணவர் இறந்தபின் அவருடைய வயல் உடுப்புகளை அப்படியே பிரித்து எடுத்தார். வெளிறிய நீலமும் சாம்பலும், முழங்கால் தேய்ந்த இடம், பாக்கெட் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத கருநீலம் எல்லாம் அப்படியே இருக்க, போர்வையாக்கினார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுக்க வேண்டும் என்று அம்மா சொன்னதாக மகள் பின்னாளில் சொன்னார். துக்கத்துக்கு மருந்து எழுதச் சொன்னால் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஜீஸ் பெண்டில் ‘ஹவுஸ்டாப்’ என்று சொல்கிற மாதிரியைப் புதியவர்கள்கூட ஒரே அமர்வில் ஒரு துண்டு முடித்துவிடலாம். பழைய துணியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்: ஜீன்ஸ், சீருடை, குழந்தை சட்டை, அம்மாவின் தேவாலய உடை. துவைத்து இஸ்திரி போட்டுவிட்டு நான்கு அங்குலச் சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் நடு. மீதியை இரண்டரை அங்குல அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள். ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டு ஒன்று கொடுத்து இழுத்தால் பருத்தி நேராகக் கிழியும், ஜீன்ஸை மட்டும் வெட்டத்தான் வேண்டும். நடுச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் பட்டையை நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளி ஓடு தையல் போடுங்கள். பிரித்து, தையலை விரலால் அழுத்தி, மிஞ்சிய நீளத்தை வெட்டிவிட்டுத் துண்டைத் திருப்புங்கள். அடுத்த பட்டை, பிறகு திருப்பு. நாலு பக்கமும் சுற்றி வந்தால் ஒரு சுற்று, மூன்று சுற்றில் ஒரு அடிக்கும் கூடுதலான சதுரம் கிடைக்கும். மெஷினில் தைப்பதென்றால் ஜீன்ஸுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள்.

பட்டை கோணிக்கொண்டால் பிரிக்க வேண்டாம். ஜீஸ் பெண்ட் போர்வைகளின் அழகே கோணலில்தான் இருக்கிறது. அளவுகோலும் கையுமாக நிற்கிற ஆள் யாராவது குழுவில் இருப்பார், எப்போதும் இருப்பார். அவருக்குத்தான் இந்தப் படி அதிகம் தேவை.

தைக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. கண் துணியில் இருப்பதால் வாய் திறக்கும். நாலாவது வாரத்தில் வரும் பேச்சு முதல் வாரத்தில் ஒருநாளும் வராது.

தைக்கப் பிடிக்காதவர்களுக்கு வெட்டி ஒட்டும் வேலை இருக்கிறது. ஓவியர் ஹோவர்டினா பிண்டெல் 1979இல் கார் விபத்தில் அடிபட்டு நினைவில் ஒரு பகுதியை இழந்தார். தான் சேர்த்து வைத்திருந்த தபால் அட்டைகளைக் கீற்றுகளாக வெட்டி, இடைவெளி விட்டு ஒட்டி, நடுவில் வண்ணத்தால் நிரப்பி நினைவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். குழுவில் அசல் போட்டோவை வெட்ட விடாதீர்கள். நகல் எடுத்துக் கொடுங்கள்.

இதெல்லாம் உடம்பில் ஏதாவது செய்கிறதா என்று கேட்பார்கள். டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் கைவேலை செய்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது வித்தியாசம் செய்யவில்லை. மற்ற கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது கறுப்பினப் பெண்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வும் அல்ல. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது இதை மிகைப்படுத்தாதீர்கள்.

படி 4: உடம்பை வரைதல்

என் கணிப்பில் முழு எட்டு வாரத்தின் மையம் இதுதான். இரண்டு அமர்வு ஒதுக்குங்கள்.

கேப்டவுன் அருகே கயலிட்ஷாவில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2001இல் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்து கிடைக்காத காலம் அது. மறு ஆண்டு அங்கே சிகிச்சையிலிருந்த பெண்களை வைத்து ஓவியர் ஜேன் சாலமன் ஆளுயரத் தாள்களில் உடல் வரைபடங்கள் செய்யவைத்தார். பம்பனானி குழு என்று அந்தப் பெண்கள் அறியப்பட்டார்கள். கிருமி எங்கே இருக்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, எந்தத் தழும்பு எப்போது வந்தது என்று வண்ணத்தில் எழுதினார்கள். ஒவ்வொரு உருவத்துக்குப் பின்னாலும் இன்னொரு உருவம் நிழலாக நிற்கும். தன்னைத் தாங்குகிறவர் அது.

இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிரவுன் பேப்பரைத் தரையில் விரியுங்கள். தனக்குப் பிடித்த நிலையில் ஒருவர் படுக்க, நம்பிக்கையான இன்னொருவர் பென்சிலால் சுற்றி வரையட்டும். பிறகு அந்தத் துணை ஆள் அதே தாளில் கொஞ்சம் தள்ளிப் படுக்க, அவரையும் வரையுங்கள். அதன்பின் வண்ணம். வலி இருக்கும் இடம், அறுவைச் சிகிச்சைத் தழும்பு, பிரசவம், பெருத்த கால், கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி, பிறகு பலம் இருக்கும் இடம். அவசரப்படுத்தாதீர்கள். தலைமுடிக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, எடுத்துக்கொள்ளட்டும். அந்தத் தலைமுடிக்காகப் பள்ளியிலும் வேலையிலும் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அதைத் தடுக்க 2019இல் கலிபோர்னியா தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஓர் எச்சரிக்கை. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தரையில் படுத்து இன்னொருவர் சுற்றி வரைவது பழையதைக் கிளறிவிடலாம். யார் அப்படிப்பட்டவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். அச்சடித்த சின்ன உருவத் தாளையும் மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: எழுத்து

1978இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கவிஞர் ஆட்ரி லார்ட், பொய் மார்பு வைத்துக்கொள்ள மறுத்தார். அது இல்லாமல் டாக்டரிடம் போனபோது, மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்று நர்ஸ் குறைப்பட்டுக்கொண்டார். லார்ட் அந்த நாட்களை எழுதி வைத்தார், 1980இல் புத்தகமாக வந்தது. தன் நோயைத் தானே எழுதுவதற்கு அது பல பெண்களுக்கு வழிவிட்டது.

எழுதும் முறை சாதாரணமானது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் வகுத்தது. தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், பிழையைப் பார்க்காமல், கையை எடுக்காமல் மனதை அழுத்துகிற ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். இதை வீட்டில்தான் செய்ய வேண்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், கிழித்தும் போடலாம். எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் மனம் கனக்கும், அது வழக்கம்தான். ஆனால் ஏதோ ஒன்றை எழுத ஆரம்பித்தாலே நெஞ்சு படபடத்துத் தாங்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: ‘பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்’ என்று நான் கடைசியாக யாரிடம் சொன்னேன்? உண்மையில் அப்போது என்ன வேண்டியிருந்தது?

படி 6: குரல், அசைவு

அமர்வைப் பாட்டில் தொடங்கிப் பாட்டில் முடிப்பது போதும். ஒருவர் ஒரு வரி எடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறை கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்தது. எந்தப் பாட்டு என்று அவர்களே சொல்வார்கள்.

ஜார்ஜியா கடற்கரைப் பக்கம் ரிங் ஷவுட் என்ற வழிபாடு இருக்கிறது. வட்டமாக இடஞ்சுழியாக நகர்வார்கள். கால் குறுக்கே போகக் கூடாது, குறுக்கே போனால் நடனமாகிவிடும். கம்பால் தரையைத் தட்டித் தாளம் போடுவார்கள். மக்கின்டாஷ் கவுண்டியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை உடற்பயிற்சி மாதிரி எடுத்துச் செய்யலாமா என்று கேட்டால், குழுவில் அந்த மரபுக்காரர் இருந்து அவரே சொல்லிக்கொடுத்தால் ஒழிய வேண்டாம் என்பேன்.

படி 7: டாக்டர் அறைக்கு எடுத்துப் போதல்

பெரும்பாலான கலைக் குழுக்கள் இதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. அது எனக்குப் பெரிய குறை.

உடல் வரைபடத்தின் முன் உட்கார்ந்து, அதிலிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, அதனால் என்ன செய்ய முடியவில்லை. ‘ரொம்ப வலிக்கிறது’ என்பதைவிட ‘மார்ச்சிலிருந்து மாதவிடாய் நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுகிறேன், மாதம் இரண்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை’ என்பது டாக்டர் கையை அசைக்கும். குழுவில் இருவராகப் பிரிந்து ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி என்று நடித்துப் பாருங்கள். டாக்டராக நடிப்பவர் கொஞ்சம் அலட்சியமாகவே நடிக்கட்டும், சிரிப்பும் வரும், பழக்கமும் வரும். கேட்ட பரிசோதனையை மறுத்தால், ‘மறுத்ததையும் காரணத்தையும் என் ஃபைலில் எழுதுங்கள்’ என்று சொல்லப் பழகுங்கள். நிழலாக வரைந்த அந்தத் துணை ஆளையே முடிந்தால் கூட அழைத்துப் போகச் சொல்லுங்கள். படத்தின் போட்டோவையும் போனில் எடுத்துப் போகலாம். பார்ப்பாரா என்பது டாக்டரைப் பொறுத்தது.

பிரசவமாகி ஓராண்டுக்குள் இருப்பவர்கள் குழுவில் இருந்தால் ரத்த அழுத்தக் கருவி ஒன்றை அறையில் வையுங்கள். 140/90 தாண்டினால் அன்றே டாக்டரை அழைக்க வேண்டும், 160/110 என்றால் நேராக அவசரப் பிரிவு. விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவற்றுக்கும் அப்படியே. அன்று தையல் காத்திருக்கட்டும்.

படி 8: குழு போதாத இடம்

தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போகிறவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயப்படுகிறவர், இவர்களுக்குக் கலைக் குழு சிகிச்சை ஆகாது. அமெரிக்காவில் மனநல நெருக்கடி உதவிக்கான 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கலையைச் சிகிச்சையாகச் செய்ய அங்கே முதுகலைப் படிப்பு முடித்த ஆர்ட் தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள், ஓவிய ஆசிரியர் வேறு, அவர் வேறு. அந்தத் துறையிலும் கறுப்பினப் பெண்கள் முன்பே இருந்தார்கள். ஜார்ஜெட் சீப்ரூக் பவல் இருபது வயது வாக்கில், 1936இல், ஹார்லெம் மருத்துவமனைச் சுவரோவியத் திட்டத்துக்குத் தேர்வானார். ஓவியங்களில் கறுப்பினத்தார் அதிகம் என்று மருத்துவமனை நிர்வாகம் ஆட்சேபித்தது. பின்னாளில் அவர் வாஷிங்டனில் ஆர்ட் தெரபிஸ்டாகவே வேலை பார்த்தார்.

படி 9: செய்தவை யாருக்குச் சொந்தம்

எட்டாவது வாரம் யாராவது ‘கண்காட்சி வைக்கலாமே’ என்பார்கள், நிதி கொடுத்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். முடிவு செய்வதற்கு முன் ஹாரியட் பவர்ஸ் கதையைக் குழுவில் சொல்லிவிடுங்கள். அடிமையாகப் பிறந்த இவர் ஜார்ஜியாவில் தைத்த, பைபிள் கதைகளைக் காட்டும் போர்வையை 1886இல் பருத்திச் சந்தை ஒன்றில் பார்த்த ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்தார். சில ஆண்டுகளில் கைநெருக்கடி வந்தபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அதன்பிறகும் அந்தப் போர்வையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் பலமுறை போய்வந்தார். இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. இதைக் காட்டலாமா, பெயர் போடலாமா, போட்டோ எடுத்து வெளியிடலாமா, விற்றால் பணம் யாருக்கு என்ற நாலு கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து மனம் மாறினாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரி சேருங்கள். உடல் வரைபடங்களை மட்டும் இந்தத் தாளிலேயே சேர்க்காதீர்கள். அவை கடைசி நாளன்று சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, வரைந்தவர் கையிலேயே போக வேண்டும்.